உன் வீட்டு அலமாரியில் கொஞ்சம் இடம் வேண்டும்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மதியம்.

மச்சான்,

நீ அனுப்பிய வீடியோ வந்தது. எட்டு மாதம் ஒரு போன்கூடப் பண்ணாதவன் திடீரென்று ராத்திரி பதினோரு மணிக்கு, "அப்பா வலை தைக்கிற வீடியோ உனக்கு அனுப்பினேனே, இருக்கா?" என்று கேட்டால் வேறு யாராக இருந்தாலும் முதலில் நாலு திட்டு விழுந்திருக்கும். நீ ஒன்றும் கேட்காமல் பத்து நிமிஷத்தில் தேடி அனுப்பினாய். மூணு போன் மாற்றியும் அதை அழிக்காமல் வைத்திருந்தாயே, அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மா அன்றைக்கு அதை ஏழு தடவை பார்த்தார்கள். வாட்ஸப் சுருக்கிய படம், முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. ஆனால் குரல் சுத்தமாக இருக்கிறது. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு சுத்து, ஒரு இழு. அவசரப்படாதே கண்ணு" என்கிறார். நடுவில் காசிமேட்டுக் காற்றில் தார்ப்பாய் படபடக்கிறது. பாப்பா இப்போது எட்டாம் வகுப்பு. தாத்தாவின் குரல் இப்படி இருக்கும் என்பதையே மறந்துவிட்டேன் என்றாள்.

இங்கே எல்லாரும் நலம். நம்ம கேரம் கூட்டாளி ஸ்ட்ரைக்கருக்கு இரண்டாவதும் பெண். கேரம் கிளப் கூரையை மாற்றியாகிவிட்டது. நீ வந்தால் அந்தப் பழைய 29 பாயின்ட் கணக்கைத் தீர்க்காமல் ஊருக்கு விடமாட்டேன் என்று சொல்லச் சொன்னான். தங்கச்சியிடம் என் விசாரிப்பைச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2 டி.பி. டிஸ்க் ஒன்றில்தான் எங்கள் வீட்டுப் படம் எல்லாம் இருந்தது. போனில் இடம் நிறைந்தால் அதில் கொட்டுவேன். 2021 ஜூன் ஒன்றாம் தேதியோடு கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகப் போட்டுவைக்கும் வசதி நின்றது இல்லையா, அதிலிருந்து எனக்கு அந்த டிஸ்க்தான் எல்லாம். போன மாதம் சொருகினேன். டக்... டக்... டக் என்று மூணு சத்தம், ஒரு நிமிஷம் அமைதி, மறுபடி டக். மீட்டுத் தருகிறோம் என்ற கடையில் கொடுத்தேன். பாதிதான் வந்தது. அப்பா இருந்த கடைசி இரண்டு வருஷம் வந்ததில் இல்லை.

மூணு நாள் யாரிடமும் பேசவில்லை. நாலாவது நாள், வீட்டில் ஒழுங்காக ஒரு சர்வர், அதாவது ராப்பகலாக ஓடும் ஒரு கம்ப்யூட்டர், வைப்பது என்று முடிவு பண்ணினேன். படம், வீடியோ, அம்மாவுக்குப் பழைய சினிமா, ஆபீஸ் கணக்கு ஃபைல், பாப்பாவின் டேப்லெட்டில் விளம்பரத்தைத் தடுப்பது, இவ்வளவும் ஒரே பெட்டியில் ஓட வேண்டும்.

முதலில் பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பை இறக்கினேன். அது காசில்லாமல் வந்தது, ஆனால் கரண்டுக்குச் செலவு. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்தேன், சும்மா இருக்கும்போதே 60 வாட். இரண்டு மாதத்துக்குப் போட்டுப் பார், 86 யூனிட். நமக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் அதுவே தின்றுவிடும். கோடையில் ஏ.சி.யும் சேர்ந்தால் 500ஐத் தாண்டி ரேட்டே மாறிவிடும். திரும்பப் பரணுக்கே ஏற்றிவிட்டேன்.

ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதில் பை-ஹோல் என்ற மென்பொருளைப் போட்டு விளம்பரத் தடுப்பு வேலையை மட்டும் ஒப்படைத்துவிட்டேன், அதற்கு அது தாராளம். ஆனால் ஆயிரக்கணக்கான படத்தில் முகம் பார்த்துப் பிரிக்கிற வேலையைக் கொடுத்தால் திணறுகிறது. அதோடு எஸ்.டி. கார்டில் எதையும் நம்பி வைக்க எனக்கு இப்போது மனசு வராது.

என்100 சிப் போட்ட குட்டிப் பெட்டி எல்லாரும் சிபாரிசு செய்வது. நாலு கோர், கரண்டு ரொம்பக் குறைவு, வீடியோவை டி.வி.க்கு ஏற்ற வடிவத்துக்கு அனாயாசமாக மாற்றும். ஆனால் பெரிய டிஸ்க் இரண்டை உள்ளே வைக்க அதில் இடம் இல்லை. யு.எஸ்.பி.யில் வெளியே தொங்கவிட வேண்டும். யு.எஸ்.பி. ஒயர் ஒரு தட்டு தட்டினால் டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வரும். அதன்மேல் குடும்பப் படத்தை வைப்பதா? எனக்கு ஒப்பவில்லை.

கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மதியம் முழுக்கச் சுற்றினேன். கம்பெனிகள் கழித்துப் போட்ட ஆபீஸ் மெஷின்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. குட்டியும் இல்லாமல் பெரிய டவரும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒன்று எடுத்தேன். இன்டெல் ஐ5-8500 சிப், ஆறு கோர், 16 ஜி.பி. ராம், உள்ளே 3.5 அங்குல டிஸ்க் இரண்டு உட்காரும், வேகமான குட்டி எஸ்.எஸ்.டி. சொருகத் தனியாக ஒரு என்.வி.எம்.இ. ஸ்லாட். 14,500 ரூபாய். கடைக்காரப் பையன் மூடியைத் திறந்து ராமைக் கழற்றிக் காட்டினான். தங்கநிறப் பற்களின் ஓரத்தில் லேசாகப் பச்சை. "அண்ணா, உங்களுக்குக் கடலோரமா வீடு?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்து ஊதிவிட்டு மாட்டினான். "வருஷத்துக்கு ஒருதரம் நீங்களே இப்படிப் பண்ணிக்கோங்க" என்றான். உப்புக் காற்று நம் பக்கத்து கிரில் கம்பியை என்ன பண்ணுகிறது என்று உனக்குத் தெரியும். ரப்பர் இப்போது சர்வர் மேலேயே இருக்கிறது.

இரண்டு டிஸ்கோடு சேர்த்து அளந்தால் 25 வாட். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். கட்டுப்படியாகும்.

மெஷின் பழசாக இருக்கலாம். டிஸ்க் மட்டும் புதுசுதான் வாங்க வேண்டும், இதில் பிடிவாதமாக இருந்தேன். 4 டி.பி. இரண்டு. வாங்கும்போது சி.எம்.ஆரா எஸ்.எம்.ஆரா என்று பார்க்கணும் மச்சான். சி.எம்.ஆர். டிஸ்கில் எழுதும் தடம் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆரில் அது ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற மேலே இருப்பதையெல்லாம் கலைத்து அடுக்க வேண்டும். படத்தை ஒருதரம் கொட்டி மூடிவைக்க அது போதும். ஒன்று செத்து, புதுசுக்கு எல்லாவற்றையும் திரும்ப எழுதும்போதுதான் நாள்கணக்கில் இழுக்கும். 2020ல் சர்வருக்கென்றே விற்ற டிஸ்க் சிலதிலும் சொல்லாமல் இதைப் போட்டிருந்தது வெளியே வந்து பெரிய சண்டையானது.

சாப்ட்வேருக்கு எவ்வளவோ இருக்கிறது. ஒரே மெஷினுக்குள் பல மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் போட்டுப் பார்த்தேன், ரொம்ப நல்ல சரக்கு, ஆனால் ஒரு வீட்டுக்குள் நாலு வீடு கட்டுகிற வேலை அது, எனக்கு வேண்டியது ஒரு வீடு. டிஸ்க் சர்வருக்கென்றே உள்ள ட்ரூநாஸும் பார்த்தேன். கடைசியில் வெறும் டெபியன் லினக்ஸ் போட்டு, மேலே ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி டப்பாவில் ஓட்டும் டாக்கர். எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது, அந்த நிம்மதி போதும். டிஸ்க் இரண்டும் இசட்.எஃப்.எஸ். என்ற ஃபைல் அமைப்பில் ஜோடி, ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும். ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் ஒரு டிஸ்கில் சத்தமில்லாமல் கெட்டுப்போனதை மற்றதிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்துகொள்ளும். டெபியனில் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு அது எல்லாவற்றையும் ஒருதரம் படித்துச் சரிபார்க்கும்படி ஏற்கெனவே அமைத்திருக்கிறது. இன்றைக்கு அந்த ஞாயிறுதான், ராத்திரி டிஸ்க் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

படத்துக்கு இம்மிச், கூகுள் போட்டோஸ் மாதிரி நம் சர்வரிலேயே ஓடும் மென்பொருள். மீண்ட பாதிப் படத்தையும், தங்கச்சி, மாமா, ஸ்ட்ரைக்கர் எல்லாரும் அனுப்பியதையும் அதில் ஏற்றினேன். ராத்திரி முழுக்க முகம் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் திறந்தால் ஒரு வட்டத்துக்குள் அப்பா, கீழே 412 படம். யார் யார் கல்யாணத்திலோ பந்தியில் ஓரமாக நிற்கிறார், அதையும் கண்டுபிடித்திருக்கிறது. அவர் பெயரை அடிக்கும்போது கை நடுங்கியது.

அம்மாவின் சினிமாவுக்கு ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். 2018ல் எம்பி என்ற மென்பொருள் தன் நிரலை வெளியே காட்டாமல் மூடிக்கொண்டபோது அதன் பழைய திறந்த பிரதியிலிருந்து கிளம்பியது, காசு கிடையாது, டி.வி.யில் நேரே ஓடுகிறது. அதற்குமேல் அம்மாவுக்கு ஒன்றும் வேண்டாம்.

கரண்டு போனால் என்ன என்று கேட்பாய். வீட்டு இன்வெர்ட்டர்தான். ஆனால் முதல் வாரம் கரண்டு போகும்போதெல்லாம் மெஷின் அணைந்து அணைந்து எழுந்தது. பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பின்னால் ஒரு சின்ன சுவிட்ச், சாதா மோடிலிருந்து யு.பி.எஸ். மோடுக்குத் தள்ளினேன், அவ்வளவுதான். நீயும் உன் இன்வெர்ட்டர் பின்னால் பார்.

வைக்கும் இடத்துக்கு ரொம்ப யோசித்தேன். பரண் மேலே கத்திரி வெயிலில் அடுப்பு. தரையில் வைக்கவே கூடாது, 2015லும் மிக்ஜாமிலும் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சாமி அலமாரிக்குப் பக்கத்து ஷெல்ஃபைக் காட்டி அம்மாவே சொன்னார்கள், "அங்கே வை, அவரும் அங்கேதானே இருக்கார்." அப்பா படம் மாட்டியிருக்கும் சுவர் அது.

இவ்வளவு செய்தபிறகும் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, மச்சான். ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று இருக்கிறது. சரி. நான் தப்பாக ஒரு ஃபோல்டரை அழித்தால்? இரண்டிலும் அதே நொடி அழியும். இடி விழுந்தால்? தண்ணீர் இன்னும் இரண்டடி ஏறினால்? ஜோடி டிஸ்க் இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வீட்டில், ஒரே தெருவில் இருக்கிறது. அப்பாவின் அந்த வீடியோ பிழைத்தது எதனால் என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடம் நல்ல டிஸ்க் இருந்ததனால் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி உன்னிடம் ஒன்று இருந்ததனால்.

அதனால் கேட்கிறேன். உன் வீட்டில் எனக்காக ஒரு டிஸ்க் வைக்க முடியுமா?

எப்படி என்று சொல்கிறேன். ஒரு ராஸ்பெர்ரி பை, அதோடு ஒரு 4 டி.பி. டிஸ்க். இரண்டும் நானே வாங்கித் தருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு இங்கிருந்து ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள், அன்றைக்குப் புதுசாக வந்ததை மட்டும் அங்கே அனுப்பும். பழைய நாள்களின் நிலையும் இருக்கும், தப்பாக அழித்தாலும் போன வாரத்துக்குப் போய் எடுக்கலாம். என் நெட்காரன் தனி ஐ.பி. தரவில்லை, ஒரே முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட வீடு. அதனால் இரண்டு வீட்டையும் நெட் வழியே தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டுவிடுவேன், உன் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. எல்லாம் பூட்டித்தான் வரும், நீ படித்துவிடுவாய் என்பதற்காக இல்லை, உன் வீட்டில் திருட்டுப் போனாலும் பயமில்லை என்பதற்காக. முதல் தடவை 600 ஜி.பி.யை நெட்டில் தள்ள வேண்டாம், இங்கேயே ஏற்றிக் கையில் கொண்டுவந்துவிடுகிறேன். அதேபோல உன் படங்களை என் பெட்டிக்கு அனுப்பு. தங்கச்சி லேப்டாப்பில் மட்டும் எல்லாம் இருக்கிறது என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது நல்லதில்லை.

இன்னொன்று. அந்தப் பூட்டின் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி உன்னிடம் தருவேன். எனக்கு ஏதாவது ஆனால் என் வீட்டுக்காரிக்கு டாக்கரும் தெரியாது ரெஸ்டிக்கும் தெரியாது. சர்வரில் படங்கள் வருஷம், மாதம் என்று சாதாரண ஃபோல்டரில்தான் இருக்கும்படி வைத்திருக்கிறேன், டிஸ்கை எடுத்துத் தெரிந்த எவனாவது திறந்தால் போதும். ஆனாலும் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது நீதான். வேறு யாரிடமும் நான் இதைக் கேட்க முடியாது.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கோவை எக்ஸ்பிரஸில் வருகிறேன். டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்வேன். அம்மா நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுவார்கள், அதை வேறு பையில். உன் ரவுட்டர் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் காலியாக இருக்கிறதா, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்து எழுது. ஒயர் அளவெடுத்து வாங்க வேண்டும்.

உன்
மச்சான்