தொலேதோ போகிற பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். அண்ணன் வீட்டுக்கு மாட்ரிட் வரும்போது ஒரு நாள் தொலேதோ போகப் போவதாகவும், பஸ் டூர் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். அந்த டூர் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து இங்கே வருகிற பெற்றோர் பலரும் இப்படித்தான் போய்விட்டு வருகிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

இந்த மாதிரி டூரில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மேட்டில் இறக்கிவிட்டுப் படம் எடுக்கச் சொல்வார்கள். அப்புறம் வாள் விற்கிற கடை. அப்புறம் கதீட்ரல் வாசலில் நின்றபடி ஒரு பேச்சு. "கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் மூவரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் இது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய உங்களை அந்தப் பாதியோடு திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. மீதிப் பாதியை இந்த ஊரின் சுவர்களிலேயே பார்க்கலாம். மூன்று மணி நேரமும் சாவகாசமான நடையும் போதும்.

மாட்ரிட்டின் அதோச்சா ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தொலேதோவில் இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். 1919-இல் திறந்த அந்த ஸ்டேஷனே, இனி நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கப் போகிற செங்கல் வேலைப்பாட்டையும் வளைவுகளையும் பின்பற்றிக் கட்டியது. முதேகர் என்று அந்தப் பாணியைச் சொல்வார்கள். கிறிஸ்தவ அரசர்கள் வந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம் கைவினைஞர்களிடமிருந்து வந்த பாணி அது.

ஊர் ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைந்து ஓடுகிறது. உங்கள் மூட்டு வலியோடு ஏற வேண்டாம், ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி பிடித்து கிறிஸ்தோ தெ லா லூஸ் பக்கம் இறக்கிவிடச் சொல்லுங்கள். வடக்கே மதிலை ஒட்டி எஸ்கலேட்டரும் இருக்கிறது. ஏற்றத்தை முதலிலேயே முடித்துக்கொண்டால் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான்.

கிறிஸ்தோ தெ லா லூஸ் ஒரு சின்ன மசூதி. பக்கத்துக்கு எட்டு மீட்டர்தான் இருக்கும். உள்ளே நான்கு தூண்கள், மேலே ஒன்பது கவிகைகள். ஒவ்வொன்றாக அண்ணாந்து பாருங்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. தூண்களின் தலைப்பகுதி முஸ்லிம்களுக்கு முன் இங்கே ஆண்ட விசிகோத் இனத்தவர் காலத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்து வைத்தது. வெளியே முகப்பின் மேல்வரிசையில் செங்கல்லையே அடுக்கி அரபு எழுத்தாக்கியிருக்கிறார்கள். அகமது இப்னு ஹதீதி தன் சொந்தப் பணத்தில் கட்டியது, கட்டியவர் மூசா இப்னு அலி, ஹிஜ்ரி 390 என்று அதில் இருக்கிறது. அதாவது கி.பி. 999. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கட்டடத்தில் கொத்தனாரின் பெயரும் நிற்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முஸ்லிம்கள் ஆண்டுகொண்டிருந்த ஊரை 1085-இல் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோ பிடித்தார். அடுத்த நூற்றாண்டில் இந்த மசூதி சர்ச் ஆனது. பலிபீடத்துக்காகப் பின்பக்கம் ஒரு அரைவட்டப் பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதே செங்கல், அதே மாதிரி வளைவுகள். மதம் மாறியது, கை மாறவில்லை. வழிகாட்டி சொல்கிற ஒற்றுமை இதுதான். இதுவரை அவர் சொல்வது சரி.

அங்கிருந்து யூதர் தெருக்களை நோக்கி மெதுவாக நடங்கள். நடக்கிற சந்துகள் கிரெமோனாவின் ஜெரார்டு என்ற மொழிபெயர்ப்பாளர் நடந்த ஊரின் சந்துகள் என்பதை நினைவில் வையுங்கள். பழைய கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூல் லத்தீனில் கிடைக்காததால் இத்தாலியிலிருந்து இங்கே வந்தவர் அவர். அரபு கற்றுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். 1175-இல் அந்த நூலை அரபிலிருந்து மொழிபெயர்த்து முடித்தார். கணித மேதை அல்குவாரிஸ்மி அரபில் எழுதிய அல்ஜீப்ராவையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் லத்தீனில் கொண்டுவந்தார். இந்த ஊருக்கு உலகம் பட்டிருக்கிற கடன் அது.

கதீட்ரல் வழியில் வரும். 1226-இல் தொடங்கி 1493 வரை கட்டினார்கள். முன்பு பெரிய மசூதி இருந்த இடம். உள்ளே போனால் இரண்டு மணி நேரம் போய்விடும், கால் அதோடு ஓய்ந்துவிடும். இன்னொரு முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இந்த முறை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து. சாந்தோ தொமே சர்ச்சில் மட்டும் நுழையுங்கள். ஓவியர் எல் கிரெக்கோ 1586 முதல் 1588 வரை வரைந்த 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' அங்கே இருக்கிறது. கூட்டம் இருந்தாலும் காத்திருந்து கிட்டே போங்கள். கீழே இடது பக்கம் நிற்கிற சிறுவன் ஓவியரின் மகன். அவன் பையிலிருந்து தெரியும் கைக்குட்டையில் 1578 என்று அவன் பிறந்த வருஷம் இருக்கிறது.

அங்கிருந்து கீழே இறங்கும்போது தரையைப் பாருங்கள். கற்களுக்கு நடுவே சின்னச் சின்ன நீல வெள்ளை ஓடுகள் பதித்திருப்பார்கள், சிலவற்றில் ஏழு கிளை விளக்கு, சிலவற்றில் எபிரேய எழுத்து. யூதர் குடியிருப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது எல் திரான்சிதோ. உங்கள் நேரத்தில் பெரும் பகுதியை இங்கே செலவிடுங்கள். முதலாம் பெத்ரோ மன்னரின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட சாமுவேல் ஹலேவி என்ற யூதர் 1357 வாக்கில் கட்டிய ஜெப ஆலயம் இது. வெளியே சாதாரணச் சுவர். உள்ளே நீண்ட ஒற்றைக் கூடம், உயரத்தில் மரக் கூரை. கண் பழகுவதற்கு ஒரு ஓரமாக நின்றுகொள்ளுங்கள், பிறகு கிழக்குச் சுவருக்குப் போங்கள். அங்கே சுதை வேலை சரிகைக் கரை போல நுணுக்கமாக இருக்கும். கொடிகளும் பூக்களும் போகிற வரிகளுக்கு நடுவே எபிரேய மொழியில் சங்கீதங்கள் என்ற வேதப் பாடல்களின் வரிகள் ஓடுகின்றன. கூர்ந்து பார்த்தால் அதே சுதையில் அரபு எழுத்தும் கலந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கோட்டையும் சிங்கமுமாக கஸ்தீல், லியோன் என்ற கிறிஸ்தவ ராஜ்யங்களின் அரச சின்னங்கள். மூன்று உலகமும் ஒரே சுவரில். அங்குள்ள கல்வெட்டு வரிகள் சாமுவேலைப் புகழ்கின்றன, பெத்ரோ மன்னரையும் புகழ்கின்றன.

அந்தப் பெத்ரோதான் சில ஆண்டுகளுக்குள் சாமுவேலைக் கைது செய்தார். சொத்தைப் பறித்தார். செவில்லில் சித்திரவதையில் சாமுவேல் செத்துப்போனார். மன்னரின் புகழும் சின்னமும் சுவரில் அப்படியே இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ஒற்றுமை என்று ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்ல முடியும், பெரியப்பா? பணமும் அறிவும் தேவைப்பட்டவரை பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். தேவை தீர்ந்த நாளில் அந்தச் சுவர் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

கொஞ்ச தூரத்தில் சாந்தா மரியா லா பிளாங்கா. இதுவும் ஜெப ஆலயம்தான், இன்னும் பழையது. கிறிஸ்தவ அரசின் கீழ், யூதர்களுக்காக, முஸ்லிம் பாணியில் எழுந்தது. வரிசை வரிசையாக வெள்ளை எண்கோணத் தூண்கள், மேலே குதிரை லாட வளைவுகள். தூண்களின் தலைப்பில் பைன் காய்கள் செதுக்கியிருக்கும். இவ்வளவு அழகான ஒரு கூடத்தை நான் ஸ்பெயினில் அதிகம் பார்த்ததில்லை. 1391-இல் ஸ்பெயின் முழுக்க யூதர்களைக் கொன்ற கலவரம் தொலேதோவுக்கும் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்த ஆலயம் சர்ச் ஆகிவிட்டது. பெயரைப் பாருங்கள், மாதாவின் பெயர்தான் இருக்கிறது. கட்டியவர்கள் அழைத்த பெயர் அதில் இல்லை.

அதே தெருவில் இன்னும் நடந்தால் சான் ஹுவான் தெ லோஸ் ரெயெஸ் மடம். இசபெல் ராணியும் அவர் கணவர் பெர்னாந்தோ மன்னரும் கட்டியது. உள்ளே போக முடியாவிட்டாலும் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய பெரிய இரும்புச் சங்கிலிகள் தொங்கும். ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் ராஜ்யமான கிரனாடாவை எதிர்த்து நடந்த போரில் மீட்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளின் சங்கிலிகள் அவை. தங்கள் பக்கத்து வேதனையைச் சுவரில் மாட்டி வைத்தார்கள். 1492-இல் யூதர்களை நாட்டை விட்டே வெளியேறச் சொன்ன ஆணையில் கையெழுத்திட்டவர்களும் இதே இருவர்தான். அதற்கான அடையாளமாக இந்தச் சுவரில் எதுவும் இல்லை. 2015-இல் அப்படி வெளியேற்றப்பட்ட யூதர்களின் வம்சத்தினருக்குக் குடியுரிமை கொடுக்க ஸ்பெயின் சட்டம் போட்டது.

சில நடைமுறை விஷயங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், எல் திரான்சிதோ மூடியிருக்கும். அது அரசு அருங்காட்சியகம், டிக்கெட் தனி. மற்ற சின்னங்கள் பலவற்றுக்கும் சேர்த்துக் கையில் கட்டுகிற ஒரே பட்டை கிடைக்கும், முதல் இடத்திலேயே வாங்கிவிட்டால் லாபம். தெரு முழுக்க உருளைக்கல், அதனால் செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தடித்த ஷூ போடுங்கள். கோடையில் வந்தால் காலை முதல் ரயிலைப் பிடியுங்கள், மதிய வெயில் தாங்க முடியாது. பெரியம்மாவுக்கு மசபான் வாங்குங்கள். பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்கிற இந்த ஊர் இனிப்பு, கன்னிமடங்களிலும் விற்கிறார்கள். உங்கள் சர்க்கரைக்கு ஒரு துண்டுக்கு மேல் ஆகாது.

அண்ணன் லீவு போட முடியாவிட்டால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் ஒரு வாரம் முன்னால் தெரிவியுங்கள், ரயில் டிக்கெட் நானே எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்