ஒரு வாளித் தண்ணீர் போதும்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. குடியிருப்பில் குழாய் போட்டுக் கார் கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் தினமும் காலையில் ஒரு காய்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன் என்றாய். அந்தத் துணியை இன்றோடு ஓரமாக வைத்துவிடு. நான் அனுப்புகிற பார்சல் வந்து சேரும்வரை தூசியோடேயே ஓட்டு, பரவாயில்லை. வண்டி மேல் சும்மா கிடக்கிற தூசி பெயிண்டை ஒன்றும் செய்யாது. அதன் மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் ஒவ்வொரு மணல் துகளும் கோடு போடுகிறது.

என் முதல் வண்டியை நான் அப்படித்தான் கெடுத்தேன். நீ அப்போது சின்னப் பிள்ளை. கருநீல வண்டி. நாலு வருஷம் விடாமல் துடைத்தேன், நன்றாக வைத்திருக்கிறேன் என்றுதான் நம்பினேன். ஒருநாள் நல்ல வெயிலில் பானட்டைக் குனிந்து பார்க்கிறேன், அதில் தெரிந்த சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். கையால் தடவினால் தெரியாது, வெயில் பட்டால் தெரியும். பாலீஷ் போட்டால் போய்விடும் என்றார்கள். போகும்தான், ஆனால் பாலீஷ் கீறலை அடைப்பதில்லை, கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து மட்டமாக்குகிறது. நிறத்துக்கு மேலே இருக்கும் அந்தப் பூச்சு பல வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடியைவிட மெலிசு. எத்தனை தடவை தேய்க்க முடியும், சொல்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு திரவம் இருக்கிறது. சாதாரண ஷாம்பூ போட்டால் அதை அலசித்தான் ஆக வேண்டும், இதை அலச வேண்டாம். இதில் இருக்கும் பாலிமர்கள் அழுக்கைச் சூழ்ந்துகொண்டு, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே வழுக்கலை உண்டாக்கும். துடைத்துக் காயவைத்தால் வேலை முடிந்தது. தரையில் தண்ணீர் ஓடாது, யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். நான் வைத்திருப்பது ஆப்டிமம் நோ ரின்ஸ். ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர், அதாவது பத்து லிட்டர் வாளிக்கு 40 மில்லி. நுரை வராது. வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடாதே, கண்ணாடியிலும் பெயிண்டிலும் திட்டுத் திட்டாக நிற்கும்.

நிழலில் நிறுத்து. பானட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் ஆறட்டும். மோதிரத்தைக் கழற்றி வை. வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துக்கொண்டு, துடைக்கப் போகிற பகுதியில் மட்டும் நன்றாக நனையும்படி அடி. ஒரு நிமிஷம் ஊறட்டும், ஆனால் காய விடாதே. பறவை எச்சம் இருந்தால் அதன் மேல் நனைந்த துணியைச் சில நிமிஷம் போட்டு வை, இளகி வந்துவிடும். நகத்தால் சுரண்டவே கூடாது.

அப்புறம் துணி. இதில்தான் எல்லாமே இருக்கிறது. மைக்ரோஃபைபர் துணிகளை மொத்தமாக வாளியில் ஊறப்போடு. ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடி. இப்போது உன் கையில் எட்டுப் பக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தால் பெயிண்டின் மேல் நேர்கோட்டில் ஒரே இழுப்பு. அழுத்தாதே, துணியின் கனமே போதும். இழுத்ததும் திருப்பிப் பார், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை விழுந்திருக்கும். அந்தப் பக்கம் அவ்வளவுதான், அடுத்த பக்கத்துக்குத் திருப்பு. எட்டும் முடிந்தால் துணியைத் தனியாக ஒரு பையில் போடு. அழுக்குத் துணியை வாளியில் திரும்ப நனைக்காதே. ஒரே துணியை முக்கி முக்கி எடுத்தால் எடுத்த மணலைத் திரும்ப வண்டி மேலேயே பூசுகிறாய். கீழே விழுந்த துணிக்கும் இதேதான். உதறிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், வேண்டாம், அதையும் பையில் போட்டுவிடு.

மேலே கூரையில் ஆரம்பித்துக் கீழே வா. கண்ணாடிக்கும் இதே தண்ணீர் போதும். கதவுகளின் அடிப்பகுதியும் பின் பம்பரும்தான் ரொம்ப அழுக்கு, அதைக் கடைசியில் செய். துடைத்த ஈரம் தானாகக் காய்வதற்குள் தடித்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போ.

மழைச் சேற்றில் போய்விட்டு வந்து, கெட்டியாகச் சேறு ஒட்டியிருக்கிறது என்றால் இந்த வழி உதவாது. அன்றைக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேற்றை மட்டும் போக்கிவிட்டு வா. அங்கே பொதுத்துணியால் தேய்த்துத் தர வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. எத்தனை வண்டியைத் துடைத்த துணியோ அது.

பார்சலில் பத்துத் துணியும் ஒரு பாட்டிலும் வைத்திருக்கிறேன். நீலம் எட்டு, வண்டியின் உடம்புக்கு. கறுப்பு இரண்டு, சக்கரத்துக்கு. பிரேக்கிலிருந்து தெறிக்கும் இரும்புத் தூள் சக்கரத்தில் ஒட்டியிருக்கும், அதனால் கறுப்பை ஒருநாளும் பெயிண்டில் வைக்காதே. சக்கரத்துக்கு என்று ஒரு சின்ன டப்பாவில் தனியாகத் தண்ணீர் எடுத்துக்கொள். துவைக்கும்போதும் நீலமும் கறுப்பும் தனித்தனி. துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதே, நார்களில் படிந்து துணி தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். உன் பருத்தித் துணிகளோடும் போடாதே, அதன் பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும்.

புதுத் துணி என்பதால் முதலில் ஒரு தடவை துவைத்துவிட்டு எடு. ஓரத்தில் தைத்திருந்த சின்னச் சின்ன லேபிள்களை நானே கத்தரித்துவிட்டேன், அவையும் கீறும். ஒன்றிரண்டை விட்டிருப்பேன், இப்போதெல்லாம் கண் அவ்வளவு தெரிவதில்லை. ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா