மின்நூல் படிப்பான் கிளை நூலகத்துக்கும் வரட்டும்

ஐயா,

2016 முதல் அமேசானின் கிண்டில் என்ற மின்நூல் படிப்பானில், அதாவது மின்நூல் படிக்கும் கருவியில், தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால், கண் மங்கிய என் அம்மா மறுபடி நாவல் படிக்கிறார். இதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் காசு கொடுத்தாலும் அந்த நூல் நமக்குச் சொந்தமில்லை, படிக்கும் உரிமம் மட்டுமே. 2009இல், விற்ற சில மின்நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்து அமேசானே அழித்தது. பணம் திரும்ப வந்தது, சரி. நூல் போனது போனதுதானே? அச்சுப் புத்தகம் என்றால் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம்.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பகுதிக் கிளை நூலகங்களில் மின்நூல் படிப்பான்களை இரவல் தரப் பொது நூலகத் துறை முன்வர வேண்டும். கருவி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் இங்கே நிறைய.

- ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21