அந்தக் கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர்களைப் போலீஸ் நடத்தும் விதம் பற்றிப் பேச்சு வந்தால், புதிதாக ஒரு சட்டம் வேண்டும் என்கிறார்கள். இருக்கிற சட்டமே நல்ல சட்டம்தான். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கவே கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், சிறுவர் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளும் சொல்கின்றன.

சரி, அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? பிடித்த நேரத்திலிருந்து என்றாலும், நடைமுறையில் போலீஸ் எழுதும்போதுதான் தொடங்குகிறது.

என் பழைய மாணவன் ஒருவனைச் செல்போன் திருட்டு என்று ‘சும்மா விசாரணைக்கு’ கூட்டிப் போனார்கள். அவன் அம்மாவோடு நானும் போனேன். ஸ்டேஷன் வாசலில் அவன் செருப்பு கிடந்தது. அம்மா அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். மறுநாள் பிறப்புச் சான்றிதழை நீட்டியபோது, ‘மீசை முளைச்சிருச்சு, இவனா சின்னப் பையன்?’ என்றார் ஒருவர். குழுமத்துக்குப் போன தாளில் அன்று காலைதான் பிடித்ததாக நேரம் போட்டிருந்தது. முந்தைய இரவு எந்தக் காகிதத்திலும் இல்லை.

‘போலீஸ் அடிச்சாங்களா?’ என்று குழுமத்தில் கேட்கத்தான் செய்தார்கள். கூட்டி வந்த காவலர் இரண்டடி பின்னால் நின்றிருந்தார். ‘இல்லை மேடம்’ என்றான். வெளியே வந்ததும் அம்மா முதுகைத் தொட்டார். துடித்து விலகினான். அவன் திருடினானா இல்லையா என்பது வேறு விஷயம். திருடியிருந்தாலும் அந்த முதுகுக்குப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

பிள்ளை துன்புறுத்தப்படவில்லை என்று குழுமம் தானே உறுதி செய்துகொண்டுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 14-ஆவது பிரிவு. குழுமங்கள் வெறுமனே வேடிக்கை பார்க்க ஏற்பட்டவை அல்ல என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலையங்கள் எல்லாவற்றிலும் சிசிடிவி வைத்துப் பதிவுகளைப் பல மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பிடித்த நேரத்தை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விடுபட்ட இரவு தெரிந்துவிடாதா?

விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைத்திருக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 கடைசியில் 17 வயதுப் பையன் இறந்த பிறகு ஊழியர்கள் கைதானார்கள். உயிர் போனால்தான் கணக்குக் கேட்போம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிடித்த நேரத்தைப் பெற்றோரிடமும் கேட்டு எழுதுங்கள். மருத்துவர் சட்டையைக் கழற்றிப் பார்த்து அறிக்கை தரட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், காவலரை வெளியே அனுப்பிவிட்டு, பையனை உட்கார வைத்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று குழும உறுப்பினர்களை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை