மலாவியில் வீடு கட்டப் போன மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட உதவப் போன இடத்திலிருந்து நீ அனுப்பிய மெசேஜ் முழுவதையும் படித்தேன். முலாஞ்சே மலை, அடிவாரத்தில் தேயிலைத் தோட்டம், சிப்பெரோனி என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் குளிர்காலத் தூறல், எல்லாம் நன்றாக எழுதியிருந்தாய். கடைசியில், "ஒரு கல்லைக்கூட என்னை வைக்க விடவில்லைம்மா. தண்ணீர் தூக்குவதும் செங்கல் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. இதற்கா லண்டனிலிருந்து இவ்வளவு செலவு செய்து வந்தேன்?" என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் என்றால் பாதியில் லைன் போய்விடும், நான் சொல்ல நினைப்பது முழுதாக உன்னிடம் வந்து சேராது.

உன் கையில் கலவை பூசுகிற கரணையைக் கொடுக்காத அந்தக் கொத்தனார் நல்ல கொத்தனார், கண்ணு. நீ பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் நான் சித்தாளாக இருந்தவள். பழகாத கை கட்டிய சுவரைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் மூன்றாவது செங்கல் வரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் பிரித்துத்தான் கட்ட வேண்டும். கலவை வீண், பிரிக்கும்போது உடைகிற கல் வீண், ஒரு நாள் கூலி வீண். அங்கே ஒரு மூட்டை சிமெண்ட் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காசு என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் ஆசைக்காக அதில் ஒரு பாண்டு கலவைகூட வீணாகக் கூடாது. கொத்து வேலையில் அவருக்குக் கூலி கிடைக்கிறது, அந்தக் கூலியும் அந்த ஊரிலேயே தங்கும். அதையும் நினைத்துப் பார்.

சரி, நீ செய்கிற வேலைக்கு வருகிறேன். ஓடைக்கரை மண்ணை அச்சில் அடித்துக் காயவைத்து, அடுக்கி, விறகு போட்டுச் சுடுகிறார்கள் என்றாய். அப்படிச் சுட்ட கல் ஒரே மாதிரி வேகாது. நடுவில் இருந்தது சிவந்து வெந்திருக்கும், ஓரத்தில் இருந்தது அரைவேக்காடாக வரும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார். கணீரென்று கேட்டால் அஸ்திவாரத்துக்கும் மூலைக்கும் கொடு. மொத்தென்று கேட்டால் தனியாக ஒதுக்கிவை, அதை எங்கே போடுவது என்று கொத்தனார் சொல்வார். கல்லைத் தரம் பிரித்துக் கொடுக்கிற சித்தாள் பக்கத்தில் இருந்தால் கொத்தனார் தலை நிமிராமல் வேலை பார்ப்பார்.

சிமெண்ட் கலவையில் வைக்கிற கல்லைக் காய்ந்தபடியே கொடுக்காதே. காய்ந்த கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், சிமெண்ட் இறுக வழியில்லாமல் மாவாக உதிரும். தண்ணீரில் போட்டதும் கல்லிலிருந்து குமிழி குமிழியாக வரும். குமிழி அடங்கும்வரை ஊறட்டும், பிறகு எடுத்து மேல் ஈரம் வடிந்ததும் கொடு. கட்டி முடித்த சிமெண்ட் வேலைக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். வெயிலில் ஒரு நாள் விட்டாலும் பலம் குறையும். நீ கைப்பம்பிலிருந்து தூக்கி வருகிற ஒவ்வொரு வாளியும் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. உன்னோடு தண்ணீர் எடுக்கிற பெண்கள் தலைச்சுமைக்குத் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, நம் சும்மாடு மாதிரிதான் அது. நீயும் வைத்துக்கொள், இல்லாவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

உறுதியான வீட்டுக்கு அங்கே என்ன அவசியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரெடி புயல் 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாப் பக்கம் கிளம்பி, இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்து, மார்ச் நடுவில் தெற்கு மலாவியில் நாள்கணக்கில் மழையாகக் கொட்டியது. ஐந்து வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்த புயல், அவ்வளவு நாள் நீடித்த புயல் பதிவில் வேறு கிடையாது. மலாவியில் மட்டும் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். சுடாத கல்லில் கட்டிய வீடுகள் தண்ணீரில் கரைந்தே போயின. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் அடித்தபோது தகரக் கூரைகள் பறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் ஒன்று கேட்கிறேன், மறக்காமல் பார். கூரை மரத்தைக் கட்டுகிற கம்பி சுவருக்கு உள்ளே சில வரி ஆழத்திலிருந்தே வர வேண்டும். மேல் வரியில் மட்டும் சொருகினால் காற்று கம்பியோடு கல்லையும் பிடுங்கிக்கொண்டு போகும். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் தரை ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் ஷீட் விரித்தார்களா, கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கிறதா, அதையும் கேள். நவம்பரில் அங்கே மழை தொடங்கிவிடும்.

அந்த வீட்டுக்கார அம்மாவைப் பற்றி நீ எழுதியது என் மனசிலேயே நிற்கிறது. மகளைப் பறிகொடுத்து, பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவர். தினமும் உனக்கு முன்னாலேயே வந்து மண் குழைக்கிறார் என்றாய். அந்தப் பக்கத்து லோம்வே மக்களிடம் நிலம் பெண் வழியாக இறங்குகிறது, கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வருகிறான் என்று நீ சொன்னதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவின் மண்ணில் மகள் வீடு கட்டுகிறாள். நான் எத்தனையோ வீட்டுக்குச் செங்கல் சுமந்தேன், ஒன்றிலும் பட்டா பெண் பேரில் இருந்ததாகக் கேள்விப்படவில்லை.

அதனால் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நமக்கு வீடு வந்தபோது, கட்டிக்கொடுத்தவர்கள் அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காற்று உள்நோக்கி அடிக்கும், புகை முழுக்க படுக்கிற இடத்துக்கு வரும். உன் தம்பிக்கு இருமல் தீரவே இல்லை, நினைவிருக்கிறதா? கதவு எந்தத் திசை, ஜன்னல் எவ்வளவு உயரம், மழை நாளில் எங்கே சமைப்பார், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இப்படி வீட்டுக்காரரும் வெளியாளும் சேர்ந்து உழைத்துக் கட்டுகிற முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பைப் பற்றி நீ அனுப்பியதைப் படித்தேன். 1976இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிய ஃபுல்லர் தம்பதி அதற்கு முன்பே, 1973இலிருந்து, அப்போது ஜயர் என்று பேர் இருந்த காங்கோவில் ம்பண்டாக்கா என்ற ஊரில் இருந்து வீடு கட்டியிருக்கிறார்கள். ஆக, ஆப்பிரிக்க மண்ணில் பழகியதுதான் பிறகு மற்ற நாடுகளுக்குப் போயிருக்கிறது. நீ அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போயிருப்பதாக யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதே.

பணத்தைப் பற்றிக் கேட்டாயே, விமான டிக்கெட் காசை அப்படியே அனுப்பியிருந்தால் இன்னும் நிறைய செங்கல் வாங்கியிருக்கலாமே என்று. வாங்கியிருக்கலாம், உண்மைதான். அதை மழுப்ப மாட்டேன். ஆனால் போயாகிவிட்டது. இனி செய்ய முடிந்தது, வருஷா வருஷம் உன் சம்பளத்தில் ஒரு பங்கை அந்த ஊர் வீட்டு வேலைக்கு அனுப்புவது. அங்கே போகாமல் இருந்திருந்தால் நீ அனுப்பியிருப்பாயா என்பதை நீதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் யோசித்துப் பார். செங்கல் சுட மரம் தீர்ந்துகொண்டே வருகிறது என்றாய். மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து மெஷினில் அழுத்தி, சூளையே இல்லாமல் கல் செய்வதை நம் ஆரோவில்லில் நானே செய்திருக்கிறேன். பெண்கள்தான் பெரும்பாலும் அந்த வேலையில் இருந்தோம். அங்கேயும் அந்த மாதிரி மெஷின் இருக்கிறதா என்று விசாரி. இல்லையென்றால் எனக்குச் சொல், இங்கே தெரிந்தவர்களிடம் நான் கேட்கிறேன்.

அந்தப் பிள்ளைகளின் படத்தை, அவர்கள் பாட்டி சம்மதிக்காமல், எங்கேயும் போடாதே. மலேரியா மாத்திரையை லண்டன் திரும்பியதும் நிறுத்திவிடாதே, டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடு. ஏரிக்குக் கூட்டிப்போனால் கரையோரத் தண்ணீரில் இறங்க வேண்டாம், நத்தையிலிருந்து வருகிற புழு தோல் வழியாக உள்ளே போய்விடுமாம். மக்காச்சோள மாவுக் களியை, அதுதான் ன்சிமா, வயிறு நிறையச் சாப்பிடு. சுமை தூக்குகிற உடம்புக்கு அது தாங்கும்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் அந்த அம்மாவிடம் அடுப்படியை எந்தப் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா