முப்பது மதிப்பெண்ணின் கனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிஎச்.டி. சேர்க்கையில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்றிருப்பதால் நேர்காணல் பெரிதாக எதையும் புரட்டிவிடாது என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. நெட் மொத்தம் 300. அதில் 150 எடுத்தவருக்கு 70-க்கு 35; 180 எடுத்தவருக்கு 42. தேர்வில் 30 மதிப்பெண் முந்தியவர் இங்கே ஏழுதான் முந்துகிறார். நேர்காணலிலோ ஒருவருக்கு 27, அடுத்தவருக்கு 8 என்று போட எந்தத் தடையும் இல்லை. இடம் யாருக்கு என்பது அந்த 19-இல் முடிந்துவிடுகிறது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றவர்களுக்கு இந்த 70-ம் கிடையாது, நேர்காணல் மட்டும்தான்.

இது பழைய வழக்கு. 1970-இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண்; எந்தத் திறனுக்கு எத்தனை என்று தலைப்புவாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாகப் போட்டதை உச்ச நீதிமன்றம் தவறென்றது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி வழக்கில் எழுத்துத் தேர்வு 100, நேர்காணல் 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், கேட்டது பெற்றோரையும் ஊரையும் பற்றி. நேர்காணல் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஒலிப்பதிவு செய்வது நல்லது என்று 1980-இல் தீர்ப்பு வந்தது. இன்று விதியே அதில் இரு மடங்கைக் கொடுக்கிறது.

இன்றைய மதிப்பெண் தாளில் தலைப்புகள் இல்லாமல் இல்லை. மாணவர் வெளியே போனதும் ‘இருபத்திரண்டு போடலாமா?’ என்று நேர்காணல் குழுவின் தலைவர் கேட்பார். எல்லோரும் பென்சிலில் 22 எழுதிவிட்டு, அது வரும்படி 6, 5, 7, 4 என்று மேலே நிரப்புவார்கள். தாள் என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கும்!

மாணவர் வெளியே போனதும், குழுவுக்குள் பேச்சு தொடங்குமுன் ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தாளில், பேனாவால், தலைப்புவாரியாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூட்டுவதும் சராசரி எடுப்பதும் அலுவலகத்தின் வேலை. நெட் மதிப்பெண் பட்டியல் குழுவின் மேசையில் இருக்கவே கூடாது. இருந்தால், ‘இவருக்கு எத்தனை போட்டால் மேலே வருவார்’ என்று கணக்கு ஓடும். முதல் மூன்று கேள்விகளாவது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தமிழில் பதில் சொல்ல அனுமதி உண்டென்று அழைப்புக் கடிதத்திலேயே அச்சிடலாம். ஆங்கிலம் தடுமாறுவதைப் பாடம் தெரியாததாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் குழுக்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. காலியிடம் வைத்திருக்கும் கைடு (ஆய்வு நெறியாளர்), தான் முன்பே வாக்குக் கொடுத்த மாணவருக்கு மதிப்பெண் போடாமல் ஒதுங்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

முடிவுப் பட்டியலில் நெட் ஒரு பத்தி, நேர்காணல் ஒரு பத்தி என்று தனித்தனியே வெளியிட வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் ஒட்டினால், அந்த 27-ம் 8-ம் யார் கண்ணிலும் படாது.

இப்படிக்கு,
பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி