அரை மணி நேரம் கழித்துக் குடித்துப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நீ தயாரித்து அனுப்பிய மூன்று பாட்டில்களும் உடையாமல் வந்து சேர்ந்தன. மது குடிக்காத பெரியவர்களுக்கான குளிர்பானம் என்று எழுதியிருந்தாய். இஞ்சி போட்டது பிரமாதம். மற்ற இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே.

மது குடிக்காதவன் விருந்துகளில் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரு தடவை எல்லோர் கையிலும் அழகான கண்ணாடிக் கிளாஸ். எனக்கு மட்டும் ஸ்ட்ரா போட்ட ஆரஞ்சு நிறப் பானம். எதிரே இருந்த ஆறு வயதுப் பையன் கையிலும் அதேதான். அவன் ஒரே மூச்சில் உறிஞ்சி முடித்துவிட்டான். நான் அதை இரண்டு மணி நேரம் உருட்டிக்கொண்டிருந்தேன். உன் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலியில்தான். இப்போது கூட்டமும் சேர்ந்துவிட்டது: வண்டி ஓட்ட வேண்டியவர்கள், உடம்பைப் பார்த்து மதுவைக் குறைப்பவர்கள். பிரிட்டனில் ஜனவரி முழுக்க மதுவைத் தொடாமலிருக்கும் ‘டிரை ஜனவரி’ 2013-இலேயே தொடங்கிவிட்டதே!

இவர்கள் தேடுவது மெதுவாகக் குடிக்கக்கூடிய ஒன்றை. கசப்பும் காரமும் அதற்குத்தான். ஆனால் கசந்தால் சர்க்கரை குறைவு என்று பலர் நம்புகிறார்கள். குவினைன் என்ற கசப்புப் பொருள் கலந்த சோடாவான டானிக் வாட்டரையே எடுத்துக்கொள். அந்தக் கசப்புக்குப் பின்னால் நிறையவே சர்க்கரை ஒளிந்திருக்கும். உன் இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். லேபிளில் ‘இயற்கை இனிப்பு’ என்கிறாய், உள்ளே இருப்பது ஆப்பிள் சாற்றுச் செறிவு, அதாவது நீரை வற்றவைத்த ஆப்பிள் சாறு. உலக சுகாதார நிறுவனம் அதையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது 2015-இல் அது சொன்ன அளவு. 330 மில்லி கோலாவிலேயே 35 கிராம் போய்விடும். இப்போது வாங்குகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் படிக்கிறார்கள், அம்மாடி.

மூன்றாவதில் சர்க்கரையை எடுத்துவிட்டாய், சரி. கூடவே கனமும் போய், நாக்கில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. கொஞ்சம் தேயிலைத் துவர்ப்பு சேர்த்துப் பார்.

இன்னொன்று. நீங்கள் ருசி பார்ப்பதெல்லாம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன்தானே? குளிர்ச்சி இனிப்பை அமுக்கிவிடும். மெதுவாகக் குடிப்பவரின் கிளாஸில் குளிரும் போகும், கேஸும் போகும், இனிப்பு மேலே வந்து நிற்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடித்துப் பார்.

அடுத்த முறை இஞ்சி பாட்டில் இரண்டாக அனுப்பு. இந்தத் தடவை என் பங்கையும் உன் அம்மாவே காலி செய்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா